காலாவதியான ஆயுள் காப்பீட்டை மீட்கும்போது உடல்நிலையை எப்படி எழுதுவது: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலிசி காலாவதியாகிவிட்டது என்று கடிதம் வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி பாக்கி எவ்வளவு என்பதுதான். பணத்தைப் புரட்டிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பாக்கித் தொகை இதில் சின்ன விஷயம். அந்தக் கடிதத்தோடு வரும் ஒற்றைத் தாள்தான் பெரிய விஷயம். முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை என் உடல்நிலையில் மாற்றம் இல்லை, எந்த மருத்துவரிடமும் சிகிச்சை பெறவில்லை என்ற தோரணையில் அதில் இரண்டு வரி இருக்கும். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் பேனா வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கே போனாலும் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. தென்னாப்பிரிக்க இந்தியரிடையே நீரிழிவும் இதய நோயும் அதிகம் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது பழகிப்போனதுதான் சிக்கல். "சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி எனக்கு நோய் ஒன்றும் கிடையாது" என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்புகிறார். ஆனால் காப்பீட்டுப் படிவத்தில் அவர் நம்பிக்கைக்கு இடமில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீண்டகாலக் காப்பீட்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தகவலை மறைத்தீர்கள் அல்லது தவறாகச் சொன்னீர்கள் என்பதற்காக மட்டும் நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கிவிட முடியாது. அந்தத் தகவல், ஆபத்தை அவர்கள் மதிப்பிடுவதைப் பெரிய அளவில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதை எப்படி முடிவு செய்வது? நியாயமும் விவேகமும் உள்ள ஒரு மனிதர், இதை நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்று கருதுவாரா என்பதே அளவுகோல். உங்கள் கருத்தும் முடிவு செய்யாது, நிறுவனத்தின் கருத்தும் முடிவு செய்யாது.

பாலிசி வழங்கிய நேரத்தோடு, அதைப் புதுப்பிக்கும் நேரத்தையும் மாற்றியமைக்கும் நேரத்தையும் அந்தப் பிரிவு சேர்த்தே பேசுகிறது. ஆகவே 2009இல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிப் பாலிசி எடுத்திருந்தாலும், இன்று மீட்கும்போது போடும் கையெழுத்து தனிக் கணக்கு.

இறப்புக்கான காரணத்துக்கும் மறைத்த நோய்க்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. டர்பனில் 2017இல் ஒரு குடும்பத்தலைவர் கார் கடத்தல் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்ததை அவர் விண்ணப்பத்தில் தெரிவிக்கவில்லை என்று கூறி, ஏறத்தாழ 24 இலட்சம் ராண்ட் தொகையைத் தர நிறுவனம் மறுத்தது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரும் நிறுவனத்தின் பக்கமே நின்றார். 2018 நவம்பரில் செய்தி நாடு முழுவதும் பரவி மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் நிறுவனம் இறங்கி வந்து பணத்தைக் கொடுத்தது. துப்பாக்கிக் குண்டுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது ஊராரின் கோபம், சட்டம் அல்ல. உங்கள் குடும்பத்துக்காக ஊர் அப்படித் திரளும் என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை இந்தியக் காணொளிகள் வழியாக வருகிறது. மூன்று ஆண்டு கடந்துவிட்டால் நிறுவனம் எதையும் கேள்வி கேட்க முடியாது என்பது இந்தியாவின் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. அங்கேயும் பாலிசியைப் புதுப்பித்தால் அந்த மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அத்தகைய காலவரம்பே கிடையாது. உங்கள் பாலிசி ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அது உங்களுக்குப் பொருந்தும்.

முதல் படி: உண்மையிலேயே காலாவதியாகிவிட்டதா?

டெபிட் ஆர்டர் திரும்பிய உடனேயே பாலிசி செத்துவிடுவதில்லை. சலுகைக் காலம் ஒன்று உண்டு; அதன் அளவு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதற்குள் பணம் கட்டிவிட்டால் உடல்நிலைக் கேள்வியே எழாது. வங்கியை மாற்றியதால் டெபிட் ஆர்டர் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே அழைத்துப் பேசுங்கள்.

சலுகைக் காலமும் கடந்துவிட்டதென்றால் நான்கு விவரங்களை மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தத் தேதியில் காலாவதியானது? எந்தத் தேதிவரை மீட்க அனுமதி உண்டு? எந்தப் படிவம் தேவை? பாதுகாப்பு எந்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும்? நான்காவதை யாரும் கேட்பதில்லை. பாக்கியைக் கட்டிய நாளும் நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளும் வேறு வேறாக இருக்கலாம். பணம் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது என்பதால் மட்டும் பாலிசி உயிர் பெற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் கையில் வரவேண்டும்.

இரண்டாம் படி: பழைய விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்

முதன்முதலில் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பது நம்மில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட நினைவிருக்காது. அன்று புரோக்கர்தான் நிரப்பியிருப்பார். 'மாற்றம் எதுவும் இல்லை' என்று இன்று கையெழுத்துப் போடும்போது, எதிலிருந்து மாற்றம் இல்லை என்று தெரியாமலே போடுகிறோம். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெற 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டமும், 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இடம் தருகின்றன. 'என் விண்ணப்பத்தின் நகலும் மருத்துவக் கேள்வித்தாளின் நகலும் வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் போதும்.

நகல் வந்ததும் அதில் தவறு இருக்கிறதா என்று பாருங்கள். அன்றே இருந்த பிரஷருக்கு நேராக 'இல்லை' என்று புள்ளடி விழுந்திருந்தால், திருத்துவதற்கு இதுதான் சமயம். பழைய பாலிசியை மீட்கும்போது பழைய தவறும் கூடவே எழுந்து வரும்.

மூன்றாம் படி: நினைவை நம்பாமல் கோப்பைத் திரட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நாளை நிறுவனத்தின் விசாரணை அதிகாரி உங்கள் மனைவியிடமோ மகனிடமோ கேட்கப்போவது உங்கள் நினைவை அல்ல. அவர் கேட்பது டாக்டரின் கோப்பை, மருத்துவமனைப் பதிவை, மெடிக்கல் எய்ட் வரலாற்றை. அவர் பார்க்கப்போகும் அதே தாள்களை நீங்கள் முந்திக்கொண்டு பார்த்துவிட வேண்டும்.

குடும்ப டாக்டரிடம் இருந்து தொடங்குங்கள். கோப்பின் சுருக்கம் கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் தருவார்கள். சிலர் சிறு கட்டணம் கேட்பார்கள். சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையிலோ மருந்து வாங்குகிறவர்கள் அங்கே தங்களுக்கென்று ஒரு கோப்பு இருப்பதை மறக்கக்கூடாது. அரசு கிளினிக்கில் இலவசமாக வாங்கும் மாத்திரைக்குக் கணக்கு இருக்காது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதாமாதம் அது பதிவாகிறது.

மெடிக்கல் எய்ட் வைத்திருந்தால் கடந்த சில ஆண்டுகளின் கட்டண அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் டாக்டரின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். அது ஐசிடி-10 நோய்க் குறியீடு. 'ஐ10' (I10) என்றால் உயர் இரத்த அழுத்தம். 'ஈ11' (E11) என்று தொடங்கினால் இரண்டாம் வகை நீரிழிவு. சளிக்குப் போனோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நாளில் டாக்டர் 'ஐ10' என்றும் சேர்த்து எழுதியிருக்கக்கூடும். உங்களுக்குத் தெரியாத ஒரு நோய் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், டாக்டரிடம் போய் இது ஏன் என்று கேளுங்கள். தவறான பதிவு என்றால் அவரே எழுத்தில் திருத்தித் தரட்டும்.

பிறகு வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பாக்களை எல்லாம் மேசையில் கொட்டுங்கள். மெட்ஃபார்மின், அம்லோடிபைன், எனலாப்ரில், சிம்வாஸ்டாடின் என்று ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் எப்போது தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். சிம்வாஸ்டாடின் 'கொழுப்புக்கு' என்று கொடுத்தது. அதை நோய் மருந்தாக யாரும் எண்ணுவதில்லை. நிறுவனம் எண்ணும்.

இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவு மட்டும் போதாது. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணைத்தான் நிறுவனத்தின் மருத்துவ மதிப்பீட்டாளர் முதலில் தேடுவார்.

நான்காம் படி: எப்படி எழுதுவது

'பிரஷர், கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதுவது பாதி உண்மை. எத்தனை ஆண்டாக, யார் பார்க்கிறார், என்ன மருந்து, கடைசி அளவு என்ன என்று எதுவும் அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: '2021 முதல் உயர் இரத்த அழுத்தம். அம்லோடிபைன் 5 மில்லிகிராம், தினமும் ஒன்று. சாட்ஸ்வொர்த்தில் குடும்ப டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கடைசியாகப் பார்த்தபோது 138க்கு 86. இதுவரை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதில்லை.' ஐந்தே வரி. படிவத்தில் இடம் போதாவிட்டால் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதித் தனித் தாளில் கொடுங்கள். அந்தத் தாளிலும் பாலிசி எண், தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கட்டும்.

நம் மக்கள் வழக்கமாக விட்டுவிடுகிறவை எவை? எடுக்கச் சொல்லி எடுக்காமல் விட்ட பரிசோதனை முதலில் வருகிறது. இதயத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கடிதம் கொடுத்து, அது இன்னும் பையில் கிடக்கிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும். நோய் உறுதியாகவில்லையே என்பது சாக்கு ஆகாது. பிள்ளைப்பேற்றின்போது வந்து போன சர்க்கரையைப் பெண்கள் அப்போதே மறந்துவிடுகிறார்கள், படிவம் மறப்பதில்லை. மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மாத்திரை எடுத்ததை வெட்கத்தால் விடுகிறார்கள். அப்பாவுக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்ததைத் தன் உடல்நிலை இல்லையே என்று விடுகிறார்கள். குடும்ப வரலாறு கேட்கப்பட்டிருந்தால் எழுதத்தான் வேண்டும். புகையிலைக் கேள்விக்கு ஹூக்காவும் வேப்பும் சேர்த்தி. நிகோட்டின் உடலில் விட்டுச்செல்லும் கோட்டினினைச் சிறுநீரில் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் விஷயத்தில் மறைக்க என்ன இருக்கிறது?

பாகற்காய்ச் சாற்றிலும் வெந்தயத்திலும் சர்க்கரையை இறக்கி மாத்திரையை நிறுத்திவிட்டவர்களும் இருக்கிறார்கள். இறங்கியது நல்லது. ஆனால் நீரிழிவு என்று ஒருமுறை கண்டறியப்பட்டதும் கேள்வியில் அடங்கும். 'முன்பு கண்டறியப்பட்டது, இப்போது மருந்து இல்லை, கடைசி எச்பிஏ1சி இவ்வளவு' என்று எழுதினால் அது உங்களுக்கே சாதகம்.

எச்.ஐ.வி. பற்றியும் ஒரு சொல். நோய் இருப்பவர்களுக்கும் இந்த நாட்டில் ஆயுள் காப்பீடு கிடைக்கிறது. சிகிச்சையில் ஒழுங்காக இருப்பவர் அதை ஒளித்து ஒரு செல்லாத பாலிசியை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை.

இனி புரோக்கர் விஷயம். "அங்கிள், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." கோயிலில் தெரிந்த பையன், நல்ல பையன், நம் பிள்ளையோடு படித்தவன். அவனிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்று தயங்கித்தான் பலர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். நிதி ஆலோசகர்களுக்கான பொது நடத்தை விதியே நிரப்பாத படிவத்தில் வாடிக்கையாளரிடம் கையெழுத்துக் கேட்கக்கூடாது என்கிறது. ஆகவே சங்கடப்பட வேண்டாம். "தம்பி, நிரப்பிக் கொண்டு வா, படித்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல பையன் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டான். சர்க்கரை இருக்கிறது என்று நீங்கள் வாயால் சொல்லி, அவன் 'இல்லை' என்று குறித்து, அதன் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால், சொன்னதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மனைவி தலையில் விழும்.

ஐந்தாம் படி: தொலைபேசியில் மீட்கும்போது

இப்போதெல்லாம் தாளே இல்லாமல் அழைப்பு மையத்திலிருந்து கூப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். வேகமான ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பார்கள். கடைசியில், உங்கள் உடல்நிலை அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்பார்கள். சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "ஆம், நன்றாக இருக்கிறேன்" என்று பதில் சொல்வோம். நலமா என்று கேட்டால் நலம் என்பது நமக்கு மரியாதைப் பழக்கம். அங்கே அது பதிவாகும் வாக்குமூலம்.

அழைப்பு வந்தால் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்று சொல்லுங்கள். வீட்டில் ஆங்கிலம் சரளமாக இல்லாத பெரியவர்கள் பெயரில் பாலிசி இருந்தால் மகளோ மருமகனோ பக்கத்தில் இருக்க வேண்டும்; ஆனால் பதிலைப் பெரியவரே சொல்ல வேண்டும். ஏற்கெனவே பேசி முடித்துவிட்டீர்களா? அந்த உரையாடலின் பதிவைக் கேட்டு வாங்கிக் கேளுங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

ஆறாம் படி: பதில் வரும்வரை

படிவம் கொடுத்ததோடு கடமை தீர்வதில்லை. நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் நாள்வரை அது தொடர்கிறது. இடையில் நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போனால், ஒரு வரி எழுதி அனுப்பித்தான் ஆகவேண்டும். கசப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாம் படி: வந்த பதிலை எடைபோடுவது

சொன்னதை எல்லாம் பார்த்துவிட்டு நிறுவனம் பழையபடியே ஏற்கலாம். பிரீமியத்தைக் கூட்டலாம். குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் பாதுகாப்பு இல்லை என்று விலக்கு வைக்கலாம். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று தள்ளிப்போடலாம். மறுக்கவும் செய்யலாம். உண்மையைச் சொன்னதால்தானே கூடுதலாகக் கட்டுகிறேன் என்ற எரிச்சல் இந்த இடத்தில் வரும். மாதம் 180 ராண்ட் கூடினால் கூடட்டும். குறைந்த பிரீமியத்தில் கிடைப்பது பணம் தராத பாலிசி என்றால், அந்தக் குறைந்த பிரீமியமும் வீண்தான்.

உயர்த்திய காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எச்பிஏ1சி குறைந்தால் மறுமதிப்பீடு செய்வார்களா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் செய்கின்றன. புதிய பாலிசியோடு ஒப்பிட்டும் பாருங்கள். வயது கூடியிருப்பதால் புதியது பெரும்பாலும் விலை அதிகம். ஆனால் எப்போதும் அப்படி அல்ல. எதை எடுத்தாலும், தற்கொலைக்கான விலக்குக் காலம், பொதுவாக இரண்டு ஆண்டு, மீட்ட நாளிலிருந்து புதிதாகத் தொடங்குகிறதா என்பதைப் படித்துவிடுங்கள். ஒரு நிறுவனம் மறுத்ததை அடுத்த நிறுவனத்திடம் மறைக்கவும் முடியாது. 'இதற்கு முன் மறுக்கப்பட்டதா' என்பது பெரும்பாலான படிவங்களில் உள்ள கேள்வி. நிறுவனங்கள் தமக்குள் தகவல் பகிர்ந்துகொள்ளும் பதிவேடும் இருக்கிறது.

ஈமச்சடங்குப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. பெரும்பாலும் உடல்நிலைக் கேள்வி இருக்காது. காத்திருப்புக் காலம்தான் இருக்கும். மீட்டால் அது மறுபடி தொடங்குமா என்று மட்டும் கேளுங்கள்.

முன்பே தவறாகக் கையெழுத்துப் போட்டிருந்தால்

பலருக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். இரண்டு ஆண்டுக்கு முன் மீட்டார்கள், மாற்றம் இல்லை என்று போட்டார்கள், சர்க்கரை அப்போதே இருந்தது. இப்போது எழுதிச் சொன்னால் பாலிசியையே எடுத்துவிடுவார்களோ என்று பயம். எடுக்கவும் கூடும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நிறுவனம் பிரீமியத்தை உயர்த்தித் தொடரவும் இடம் உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்போது பாலிசி போனால் வேறு ஏற்பாடு செய்யலாம். நீங்கள் இல்லாத வீட்டில் அது போனால் வேறு ஏற்பாடு கிடையாது. வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதன் அளவை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு கடிதம் எழுதுங்கள். வயதைத் தவறாகக் கொடுத்திருந்தால் கவலை குறைவு: சரியான வயதுக்குத் தக்கபடி தொகையைச் சரிசெய்யச் சட்டமே வழி சொல்கிறது, பாலிசி செல்லாமல் போகாது.

தொகை மறுக்கப்பட்ட குடும்பத்துக்கு

இறந்தவரின் பெயரில் நிறுவனம் கேட்கும் தாள்களில் டிஎச்ஏ-1663 (DHA-1663) என்ற இறப்பு அறிவிப்புப் படிவம் முக்கியமானது. இறப்புக் காரணத்தை டாக்டர் அதில் எழுதுவார். அதை வைத்துத்தான் பழைய நோயைத் தேடிப் போவார்கள். மீட்டு இரண்டு மூன்று ஆண்டுக்குள் மரணம் என்றால் தேடல் கடுமையாகவே இருக்கும்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதில் காரணம் இருக்க வேண்டும். மறுப்பை எதிர்த்து நிறுவனத்திடமே முறையிடக் குறைந்தது 90 நாள் தரவேண்டும் என்பது பாலிசிதாரர் பாதுகாப்பு விதி. எந்த மருத்துவத் தாளை வைத்து மறுத்தார்கள் என்று அந்தத் தாளையே கேளுங்கள். அந்தத் தகவல் தெரிந்திருந்தால் அவர்கள் உண்மையில் என்ன செய்திருப்பார்கள், மறுத்திருப்பார்களா அல்லது பிரீமியத்தை மட்டும் கூட்டியிருப்பார்களா என்றும் கேளுங்கள். கூட்டியிருப்போம் என்று ஒப்புக்கொண்டால், கட்டிய பிரீமியத்துக்கு ஈடான தொகையையாவது கேட்டு வாதாட இடம் கிடைக்கும்.

அங்கே தீராவிட்டால் தென்னாப்பிரிக்கத் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். நீண்டகாலக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகமும் வேறு சில அலுவலகங்களும் சேர்ந்து, 2024 மார்ச் 1 முதல் இந்த ஒரே அமைப்பாக இயங்குகின்றன. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. புரோக்கர் தவறாக நிரப்பினார் என்பது புகார் என்றால், நிதி ஆலோசனைச் சேவைகளுக்கான தனிக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டு இடத்திலும் அவர்கள் முதலில் கேட்பது மறுப்புக் கடிதம், பாலிசி ஒப்பந்தம், மீட்கும்போது கொடுத்த படிவத்தின் நகல். ஆகவே நான்காம் படியில் எழுதிய தாளையும் நிறுவனத்தின் ஏற்புக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள்.